பிள்ளையை மறைக்காத தாய்க்கு

அன்புள்ள சூ கிளீபோல்ட் அம்மாவுக்கு,

நான் தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு தாய். பதின்ம வயதில் எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். 2016இல் வந்த உங்கள் ‘எ மதர்ஸ் ரெக்கனிங்’ புத்தகத்தைப் படித்ததிலிருந்து உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது.

1999 ஏப்ரல் 20 அன்று, கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளிக்குள் உங்கள் மகன் டிலனும் அவன் நண்பனும் துப்பாக்கிகளோடு நுழைந்தார்கள். 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றுவிட்டுத் தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். டிலனுக்கு வயது 17. ஊரில் மற்றத் தாய்மார்களெல்லாம் தம் பிள்ளை உயிரோடு வீடு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். நீங்களோ, இன்னொருவர்மேல் கை வைப்பதற்குள் என் பிள்ளை செத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டீர்கள். அதை ஊரறியச் சொல்லவும் செய்தீர்கள். என் நன்றி அங்கே தொடங்குகிறது.

பிள்ளை பெரிய தப்பு செய்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பெற்றோருக்குத் தெரிந்ததெல்லாம், ஒன்று மூடி மறைப்பது, இல்லாவிட்டால் தலைமுழுகுவது. “எம் பையன் தங்கமானவன், சேர்க்கைதான் சரியில்லை” என்று சொல்லிக்கொண்டே வக்கீலையும் கட்சிக்காரரையும் தேடி ஓடுவோம். 2024 மே மாதம் புனேயில் சொகுசு கார் மோதி, மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். காரை ஓட்டியவன் 17 வயதுப் பையன் என்றது போலீஸ். அவனுடைய ரத்த மாதிரியை மாற்றச் சதி செய்தார்கள் என்ற குற்றச்சாட்டில் அப்பா, அம்மா இருவரும் கைதானார்கள். வழக்கு எப்படி முடியுமோ முடியட்டும். அந்தச் செய்தியைப் படித்தபோது, இப்படியொரு இரவில் நானாக இருந்தால் யாருக்கு முதலில் போன் போடுவேன் என்று யோசித்துப் பயந்தேன்.

கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலையே இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் கடைசியில் இறைவன் வந்து கன்றையும் பிழைக்க வைப்பான், மகனையும் பிழைக்க வைப்பான். கொலம்பைனில் யாரும் எழுந்து வரவில்லை. அப்படியான மறுநாள் காலையில் பெற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தக் கதையும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

நீங்கள் இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதினீர்கள். இங்கே குற்றம் செய்தவன் வீட்டார் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போனால் அதற்குச் சமாதானம் பேசுவது என்று பெயர். கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவர் வருவார், மடியில் பணம் இருக்கும், வழக்கை வாபஸ் வாங்கும் பேச்சு நடக்கும். நீங்கள் போட்ட கடிதங்களில் எந்தக் கணக்கும் இல்லை. சிலர் மனம் இறங்கினார்கள், சிலர் இறங்கவில்லை. பள்ளிக்கு அருகே குன்றின்மேல் நட்டிருந்த 15 சிலுவைகளில், கொன்ற இருவருக்கான சிலுவைகளை, மகனைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் பிடுங்கி எடுத்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். டிலனுக்காக ஊர் நடுவே நின்று அழும் உரிமைகூட உங்களுக்கு இல்லாமல் போயிற்று.

என்னை அதிகம் உலுக்கியது அந்த ஆண்டின் அக்டோபர் மாதம்தான். அதுவரை, யாரோ மிரட்டியோ மயக்கியோதான் டிலன் போயிருக்க வேண்டும், அவன் கையால் யாரும் செத்திருக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தீர்கள். பிறகு ஷெரிஃப் அலுவலகத்தில் உட்கார்ந்து, அவனும் நண்பனும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த வீடியோக்களைப் பார்த்தீர்கள். அதில் வெறுப்பைக் கக்கிப் பேசியவன் நீங்கள் பெற்ற அதே டிலன். ஆறு மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பும் ஒடிந்த அந்த இடத்தில், எந்தத் தாய்க்கும் இன்னொரு சாக்கு தேடத்தான் தோன்றும். நீங்கள் தேடவில்லை. “ஆமாம், என் மகன்தான் செய்தான்” என்று ஏற்றுக்கொண்டீர்கள். அவன் சாக விரும்பி எழுதிய குறிப்புகள் பின்னால் உங்கள் கைக்கு வந்தன. அந்த மனச்சோர்வைக்கூட அவன் செய்ததற்குச் சமாதானமாக நீங்கள் சொல்லவில்லை. அவன்மேல் வைத்த பாசத்தையும் விடவில்லை. பெற்ற பாசமும் உண்மையும் ஒரே மனசில் இருக்க முடியும் என்று எனக்கு முதன்முதலாகக் காட்டியவர் நீங்கள்தான்.

அதற்கெல்லாம் முன்பே, 1998 ஜனவரியில், டிலன் ஒரு வேனை உடைத்துத் திருடிப் பிடிபட்டான். சீர்திருத்தத் திட்டத்தில் சேர்ந்து, குறித்த காலத்துக்கு முன்பே நல்ல பெயரோடு வெளியே வந்தான். திருந்திவிட்டான் என்று நிம்மதியடைந்தீர்கள். நானும் அப்படித்தான் நிம்மதியடைந்திருப்பேன். நல்ல அம்மாவாக இருந்தால் பிள்ளையின் உள்ளே ஓடுவது தெரிந்துவிடும் என்ற எங்கள் நம்பிக்கையை நீங்கள் உடைத்தது நல்லதுதான். இப்போதெல்லாம் என் மகன் “ஒண்ணுமில்லம்மா” என்றால் அதோடு நான் எழுந்து போய்விடுவதில்லை.

ஊரை விட்டுப் போகாமல் இருந்தீர்கள். புத்தகத்தில் வரும் வருமானத்தை மனநலப் பணிகளுக்கும் தற்கொலைத் தடுப்புக்கும் கொடுத்தீர்கள். அதற்கும் நன்றி.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் இதைத் தமிழில் எழுதுகிறேன். காவல் நிலைய வாசலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். அடுத்து எந்தப் பக்கம் நடப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உங்களைப் பற்றி அவர்களிடம் சொல்லப் போகிறேன்.

அன்புடன்,
ஒரு மகனின் தாய்