வடதிசைப் பாதை – 7: பிரெத்வெட் பண்ணைச் சம்சாரி

ஆஸ்லோவிலிருந்து ஃபிரெட்ரிக்ஸ்டாட் ஊருக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அங்கே இறங்கி சார்ப்ஸ்போர்க் பஸ் பிடித்தால், குளோமா ஆற்றின் கிளைகளுக்கு நடுவே கிடக்கிற ரோல்வ்ஸோய் வந்துவிடும். தீவு என்று சொன்னாலும் கடல் வாசனை இல்லை. களிமண் வயல்கள், சிவப்புக் களஞ்சியங்கள், உழுத சாலில் கொத்தித் தின்னும் பறவைகள். ஹான்ஸ் நீல்சன் ஹௌகே 1771 ஏப்ரல் 3-ஆம் தேதி பிறந்தது இங்கேதான். அவர் பிறந்த மரவீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நார்வேயின் முகத்தை மாற்றியவர்கள் பட்டியலில் தவறாமல் இடம்பெறுகிற ஒருவருக்கு, நம்மூர் ஓட்டு வீடு அளவே உள்ள வீடு.

லூத்தரன் குடியானவர் குடும்பம். தினமும் ஜெபம், ஞாயிறு தவறாமல் கோவில், கையெட்டும் தூரத்தில் மறையறிவு நூல். 1796 ஏப்ரல் 5-ஆம் தேதி அப்பாவின் நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டு ஞானப்பாட்டு ஒன்றைப் பாடும்போது, உள்ளே என்னவோ உடைந்து திறந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். அப்போது வயது 25. என்ன நடந்தது என்பதை விளக்க நான் ஆள் இல்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டில் தங்கவில்லை என்பது மட்டும் உறுதி.

நடந்தார். எட்டு வருஷம் நார்வே நெடுக, பனியிலும் சேற்றிலும், கால்நடையாக. அந்த நடையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: போகிற வழியெல்லாம் கை பின்னல் ஊசியை விடாது. சாலையில் காலுறையோ கையுறையோ பின்னியபடி வருவார். போய்ச் சேர்ந்த வீட்டில் களத்து வேலையோ விறகு வேலையோ இருந்தால் அதற்கும் கை கொடுப்பார். சாயங்காலம் அடுப்படியைச் சுற்றி ஊர் கூடும், அப்போது பேசுவார். பட்டமும் இல்லை, அங்கியும் இல்லை. குடியானவன் குடியானவர்களிடம் பேசினான், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் குற்றமும். போதகரின் மேற்பார்வை இல்லாமல் பக்திக் கூட்டம் போடக்கூடாது, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்கக்கூடாது என்று 1741-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அப்போது நார்வே டென்மார்க் அரசரின் கீழ். தரங்கம்பாடிக் கோட்டையும் அதே அரசரின் கீழ்தான். 1706-இல் நம் கடற்கரையில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்குவை அனுப்பியவர் நான்காம் ஃபிரெடரிக். வீட்டுக் கூட்டங்களுக்குப் பூட்டு போட்டது அவர் மகன் ஆறாம் கிறிஸ்தியான். தரங்கம்பாடியில் தமிழ் உபதேசியார்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள், அது ஊழியம். நார்வேயில் ஒரு விவசாயி அதையே செய்தான், அது சட்ட மீறல்!

எத்தனையோ முறை பிடித்தார்கள், விட்டார்கள். இதற்கிடையே மனிதர் சும்மாவும் இருக்கவில்லை. போன வாரம் எழுதிய பெர்கன் துறைமுகத்தில் 1801-இல் வணிகராகப் பதிவு செய்துகொண்டார். ஐக்கெர் பகுதியில் நண்பர்களோடு சேர்ந்து காகித ஆலை தொடங்கினார். அதிகாரிகளுக்குப் பயம் வந்தது பிரசங்கத்தால் மட்டுமா, இந்தப் பணத்தாலுமா என்று கேட்டால், இரண்டாவதுதான் கூட என்பேன். 1804 அக்டோபரில் அந்த ஐக்கெரிலேயே கைது. கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், சிறை. 1809-இல் பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையால் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு வந்தபோது, கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் ஆலைகள் அமைக்க அவரைத்தான் வெளியே விட்டார்கள். வேலை முடிந்ததும் திரும்பவும் உள்ளே! 1811-இல் வெளியே வந்தபோது உடம்பு போயிருந்தது. தீர்ப்பு அதற்கும் பிறகுதான். 1813-இல் இரண்டாண்டு கடுங்காவல் என்றார்கள். மேல்முறையீட்டில் 1814 டிசம்பரில் அது ஆயிரம் ரிக்ஸ்தாலர் அபராதமாகக் குறைந்தது. அதே வருஷம் எய்ட்ஸ்வோலில் அரசியல் சாசனம் எழுதக் கூடியவர்களில் மூன்று பேர் அவர் வழி வந்தவர்கள். ஆள் குற்றவாளி, சீடர்கள் சட்டம் இயற்றுகிறார்கள்.

புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு கடையைக் கட்டிவிடும். நான் தேடி வந்தது இதற்குப் பிறகு வருகிறவரை.

1815 ஜனவரியில், 43 வயதில் கல்யாணம். பெண் ஆந்திரேயா. டிசம்பரில் ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பிரசவத்தோடு ஆந்திரேயா போய்விட்டார். கைக்குழந்தையோடு நின்றவர் 1817-இல் இங்கெபோர்க் மரீயை மணந்தார். அதே வருஷம் தலைநகருக்கு வெளியே பிரெத்வெட் பண்ணையை வாங்கிக் குடியேறினார். இங்கெபோர்க்குக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் குழந்தையிலேயே போயின.

நாடெல்லாம் நடந்த மனிதர் கடைசியில் ஒரே வீட்டில் இருந்தது ஏழு வருஷம். விதைப்பும் அறுப்பும், இடையிடையே நோவு, கடிதங்கள், வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிகள். ஒரு காலத்தில் சந்தேகமாகப் பார்த்த பிஷப்புமார்களும் பிரெத்வெட்டுக்கு வந்து போனார்கள். 1824 மார்ச் 29-ஆம் தேதி இறந்தார். ஐந்து நாள் பொறுத்திருந்தால் 53 நிறைந்திருக்கும்.

பிரெத்வெட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஆஸ்லோ திரும்பி, குரூருட் பக்கம் போகும் மெட்ரோவில் ஏறினேன். வயல் எதுவும் மிச்சமில்லை; அடுக்குமாடி வீடுகள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும் பல நாட்டுத் தாய்மார்கள். பண்ணையின் பெயர் மட்டும் ஒரு சிறைச்சாலைக்குப் போயிருக்கிறது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அரசியல் கைதிகளையும் யூதர்களையும் அங்கேதான் அடைத்தார்கள். பிறகு பெண்கள் சிறையானது. சிறையால் உடம்பு கெட்டவர் வந்து இளைப்பாறிய நிலத்தில் சிறை. கதையில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

கல்லறை காம்லே ஆக்கெரில், நகரத்தின் மிகப் பழைய கல் கோவிலின் வளாகத்தில். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. வெள்ளிக்கிழமை மதியம்; பக்கத்துப் பெஞ்சில் இரண்டு மாணவிகள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவர் பெயரைச் சொல்லிக் கேட்டதும் ஒருத்தி, “ஓ, பாடப்புத்தக ஹௌகே!” என்று கை நீட்டி வழி காட்டினாள்.

1741 சட்டத்தை நீக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் மூன்று முறை நிறைவேற வேண்டியிருந்தது. ராஜா சம்மதிக்கவே இல்லை. அவர் சம்மதம் இல்லாமலே 1842-இல் சட்டம் ஒழிந்தது. பிழைத்த ஒரே பிள்ளை ஆந்திரேயாஸ், அப்பாவுக்கு வாய் திறக்க உரிமை மறுத்த அதே திருச்சபையில் குருவானார், நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார். இங்கெபோர்க் 1872 வரை இருந்தார். கணவனுக்குப் பிறகு 48 வருஷம். ஹௌகேயைப் பற்றி எழுதியவர்கள் இந்த அம்மாளுக்கு ஒரு பத்திக்கு மேல் ஒதுக்கியதை நான் பார்க்கவில்லை. எனக்கும் இந்த வாரம் இடம் தீர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் ஐக்கெர்.