வில்லங்கச் சான்றில் வராதது

வீடு வாங்கறதுக்கு முன்னாடி முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. பத்திரத்தில் கிணறு, ரெண்டு தென்னை, கதவு ஜன்னல், மாமூல் வழிநடைப் பாத்தியம் எல்லாம் இருந்தது. மலக்குழியைப் பற்றி ஒரு வரி இல்லை.

சேரியை விட்டு வந்து எங்களுக்கு முதல் சொந்த வீடு. ஐப்பசி மழையின் நாலாம் நாள் கக்கூஸில் தண்ணி இறங்கவில்லை. அஞ்சாம் நாள் குளிக்கிற இடத்தில் மேலே வந்தது.

லாரிக்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழைய வீட்டுக்காரர் சமையலறையை நீட்டிக் கட்டும்போது தொட்டியின் முதல் அறைமேலேயே தளம் போட்டிருக்கிறார். வெளியே இருக்கும் மூடி ரெண்டாவது அறைக்கு. குழாயை விட்டால் தண்ணிதான் வருகிறது. கசடெல்லாம் சமையலறைக்கு அடியில் கெட்டித்துக் கிடக்கிறது. "ஆள் இறங்கி அந்தப் பக்கம் வாரணும் சார். இதுக்கு முன்னாடியும் அப்படித்தான். சொன்னா கூட்டியாறேன்."

விற்றவருக்குப் போன் போட்டேன். "தம்பி, எனக்கு ஒரு தொந்தரவும் குடுத்ததில்லையே. உங்க ஆளுங்கள்ல ஒருத்தன் வருவான், குவாட்டரும் காசும் குடுத்தா முடிஞ்சுது. உங்களுக்கு ஆள் கிடைக்கறதா கஷ்டம்?"

வழக்கறிஞர் நண்பர் 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55வது பிரிவை எடுத்துக் காட்டினார். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்கிறவர் சொல்லியே ஆகணும். நோட்டீஸ் விடலாம், வருஷக்கணக்கில் இழுக்கும். ஆனால் அந்தக் குழியில் இன்றைக்கு ஆளை இறக்கினால் குற்றவாளி விற்றவர் இல்லை, நான். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7வது பிரிவு. முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, ரெண்டு லட்சம் வரை அபராதம். ஆள் செத்தால் 2014இல் 10 லட்சம் என்ற உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இதையெல்லாம் ஆர்ப்பாட்டத்தில் மைக் பிடித்துப் படித்தவன்தான் நான்.

படித்தவன்தான் அன்று ராத்திரி லாரிக்காரர் நம்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைக்குழந்தை. வீடெல்லாம் நாத்தம். "எத்தனை நாளைக்கு?" என்றாள் மனைவி. ஒரே ஒரு தடவைதானே என்று மனசு கணக்குப் போட்டது. மறைக்க விரும்பவில்லை.

காலையில் அப்பா வந்தார். நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூடியை நகர்த்திவிட்டுத் தள்ளி நின்றார், குனியவில்லை. "நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்லடா. திடீர்னு அடிக்காமப் போச்சுன்னா ஏறிடணும்" என்றார். ஹைட்ரஜன் சல்பைடு கூடினால் மூக்கு மரத்துப்போகும் என்று நான் புத்தகத்தில் படித்ததும் இதுதான். கூட்டிவரப்போகிற ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. கூட வேலை பார்த்தவரின் மகன்.

சமையலறைத் தளத்தை உடைத்தோம். மூணு நாள் அடுப்பு திண்ணையில் எரிந்தது. முதல் அறைக்கு நேரா வாய் வைத்து மூடி போட்டோம். லாரிக் குழாயே உறிஞ்சியது. விற்றவர் மிச்சம் பிடித்த காசை நாங்கள் வட்டிக்கு வாங்கிக் கட்டினோம்.

உடைக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. தொட்டிக்கு உறிஞ்சுகுழியே கிடையாது. நாலங்குலக் குழாய் ஒன்று மண்ணுக்கடியில் போய்த் தெருச் சாக்கடையில் முடிகிறது. அந்தச் சாக்கடை எங்கே போகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்க அத்தை வீட்டு வாசலில் பலகை போட்டுத் தாண்டி விளையாடியிருக்கிறேன்.

குழாய் வாயை சிமெண்ட் வைத்து அடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "உங்கது ஒண்ண அடைச்சு என்ன சார் ஆவப்போவுது? இந்தத் தெருவுல எல்லார்துமே அங்கதான் போவுது."

நோட்டீஸ் அனுப்பியாச்சு, பதில் இல்லை. உறிஞ்சுகுழிக்குத் தோண்டினோம். ஏழடியில் தண்ணி ஊறிவிட்டது. மழை விடட்டும் என்கிறார் கொத்தனார். அதுவரைக்கும் பத்து நாளைக்கு ஒரு தடவை லாரி வருகிறது.