வெல் திவ்

பாரிஸுக்குப் போகிறவர்கள் ஈபில் கோபுரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நீங்களும் பாருங்கள். பார்த்துவிட்டு, பொடி நடையாகக் கிரெனல் பக்கம் வாருங்கள்.

இங்கேதான் 1910-இல் 'வெலோட்ரோம் திவேர்' எழுந்தது. குளிர்கால சைக்கிள் பந்தயக் கூடம் என்று அர்த்தம். பாரிஸ்வாசிகளுக்குச் செல்லமாக 'வெல் திவ்'. கண்ணாடிக் கூரையின் கீழே ஆறு நாள் இரவு பகலாகச் சைக்கிள் பந்தயம் நடக்கும்! 1924 ஒலிம்பிக் குத்துச்சண்டையும் இங்கேதான்.

1942 ஜூலை 16. பாரிஸ் அப்போது ஜெர்மானியர் பிடியில் இருந்தது. பிரெஞ்சுப் போலீஸாரே வீடு வீடாகப் போய், இரண்டு நாளில் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தார்கள். குழந்தை குட்டிகளோடு இருந்தவர்களை இந்தக் கூடத்தில் அடைத்தார்கள். சுமார் 8,000 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதி குழந்தைகள். கோடைப் புழுக்கம், மூடிய ஜன்னல்கள், தண்ணீருக்குத் தவிப்பு. சில நாளில் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாயையும் சேயையும் பிரித்தார்கள். தாய்மார் முன்னால், குழந்தைகள் பின்னால், ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு ரயிலேறினார்கள்.

யுத்தம் முடிந்தது. அதே கூடத்தில் மறுபடியும் பந்தயம், மறுபடியும் கைதட்டல்! 1959-இல்தான் கட்டடத்தை இடித்தார்கள். பிரான்ஸின் பொறுப்பை ஜனாதிபதி ஷிராக் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள 1995 ஆகிவிட்டது.

அந்த இடத்தில் 2017 முதல் ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. சுவரிலே அந்தக் குழந்தைகளின் பெயர்களும் வயதும். உங்கள் வீட்டுக் குழந்தையின் வயதும் அதில் இருக்கும். ஒரு பெயரையாவது நின்று படித்துவிட்டு வாருங்கள்.