அம்மையார் கேட்ட வரம்

ஆனிப் பௌர்ணமி நாளில் காரைக்கால் மாநகரம் மாங்கனி மணத்தில் திளைக்கும். பிச்சாண்டவர் பவளக்கால் சப்பரத்தில் வீதியுலா எழுந்தருள்வார். அவர் கடந்து செல்லும் வேளையில் மாடிகளிலிருந்து அடியார்கள் மாங்கனிகளை வாரி இறைப்பார்கள். கீழே எண்ணற்ற கைகள் உயரும். பறந்து வரும் ஒவ்வொரு கனிக்கும் பாய்ந்து ஓடுகிறவர் வெறுங்கையுடன் திரும்புவதும் உண்டு. ஒரு மாடியை மட்டும் பார்த்தபடி, மேல்துண்டை விரித்து ஓரிடத்தில் நிற்பவர் மடியில் கனி வந்து விழுவதும் உண்டு.

இத்திருவிழாவுக்கு உரியவரான காரைக்கால் அம்மையாரின் வாழ்க்கையும் இதையே சொல்கிறது. தமக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தவர் அவர்.

ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஆசை வேறு, இலக்கு வேறு. வங்கியில் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்குவோரை நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். "ஏதோ கொஞ்சம் சேரட்டும்" என்று தொடங்குகிறவர், முதல் பண்டிகைச் செலவு வந்தவுடன் கணக்கை முடித்துவிடத் துணிவார். "ஐந்து ஆண்டுகளில் மகளின் படிப்புக்கு" என்று எண்ணித் தொடங்குகிறவர் அப்படிச் செய்யத் தயங்குவார். மாதம் 2,000 ரூபாய் வீதம் 60 தவணைகள். அசல் மட்டும் 1,20,000 ரூபாய். இருவரின் வருமானமும் ஒன்றாகவே இருக்கலாம். ஒருவருக்கு "எதற்காக" என்ற வினாவுக்கு விடை இருக்கிறது, மற்றவருக்கு இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணம் அம்மையாரின் வரலாற்றை விரித்துரைக்கிறது. காரைக்கால் வணிகர் தலைவர் தனதத்தனின் திருமகள் புனிதவதியார். நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனை மணந்து, காரைக்காலிலேயே இல்லறம் நடத்தினார். ஒருநாள் கணவன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினான். பசியோடு ஓர் அடியார் வந்தார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. புனிதவதியார் ஒரு கனியை இட்டு அமுது செய்வித்தார். நண்பகலில் உண்ண வந்த கணவன் மீதமிருந்த கனியைச் சுவைத்து, மற்றொன்றையும் கேட்டான். அவர் உள்ளே சென்று இறைவனை நினைந்து நின்றார். கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை வேறாக இருக்கவே, "இது எங்கே கிடைத்தது?" என்றான் கணவன்.

"கடைத்தெருவில் வாங்கினேன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் குடும்பம் குலையாமல் இருந்திருக்கும். அவர் உண்மையைச் சொன்னார். கணவன் நம்பாமல் இன்னொரு கனி கேட்டான். அதுவும் வந்தது, அவன் கையில் இட்டதும் மறைந்தது. அஞ்சிய பரமதத்தன் வாணிகம் செய்வதாகச் சொல்லிக் கப்பலேறிப் போனான். பாண்டி நாட்டில் ஓர் ஊரில் வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயரிட்டு வாழ்ந்தான். உறவினர் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அங்கே அழைத்துச் சென்றபோது, மனைவி மகளுடன் வந்து அவர் அடியில் விழுந்தான்.

இல்லறமே தம் கடமை என்று வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன இருக்க முடியும்? அந்த இடத்தில் அம்மையார் அழுது புரளவில்லை. கணவனைப் பழிக்கவும் இல்லை. அவனுக்காகத் தாங்கிய உடல் அழகை இனிச் சுமக்க வேண்டியதில்லை என்று எண்ணி, அதை நீக்கிப் பேய்வடிவு அருளுமாறு வேண்டினார். ஒரு கடமை முடிந்துவிட்டது என்பதை ஒப்புக்கொண்டு, உள்ளத்தில் முன்பிருந்தே வளர்ந்த இலக்கை நோக்கித் திரும்பினார். நாம் பலரும் இதில்தான் தடுமாறுகிறோம். முடிந்துபோன ஒன்றை முடிந்தது என்று ஏற்க மனம் வராமல், ஆண்டுக் கணக்கில் வாயிலிலேயே நின்றுவிடுகிறோம்.

வரத்தின் அமைப்பு

கயிலை சேர்ந்த அம்மையாரை இறைவன் "அம்மையே" என்று அழைத்து, வேண்டுவது யாது என்று வினவுகிறார். அவர் விடையைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில், என்றும் அழியாத அன்பு. அடுத்து, மீண்டும் பிறவி கூடாது. ஒருவேளை பிறக்க நேர்ந்தால் இறைவனை மறக்கும் நிலை கூடாது. அதன்பின், அவர் ஆடும்போது திருவடியின் கீழிருந்து மகிழ்ந்து பாட வேண்டும்.

இந்த வேண்டுதலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தலையாயது முதலில் நிற்கிறது. அது கைகூடாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் இடம் வைக்கப்பட்டிருக்கிறது. இறுதியில், அன்றாடம் செய்யப்போகும் பணியும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் எந்த ஊரில் இருந்து பாடுவது என்பதை அவர் கேட்கவில்லை. திருவாலங்காட்டைக் காட்டியவர் இறைவனே. என்ன வேண்டும் என்பதில் உறுதி; எங்கே என்பதில் ஒப்படைப்பு.

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் கலங்கி நிற்கும் மாணவிக்கு இந்த ஒரு பாடம் போதும். நோயாளிகளுக்கு உதவுவது அவள் இலக்கு என்றால், செவிலியர் பணி, மருந்தியல், இயன்முறை மருத்துவம் என்று ஆலங்காடுகள் பல உண்டு. ஒரு வாயில் அடைபட்டதால் இலக்கே அழிந்துவிடுவதில்லை.

அந்தாதி வழி

அம்மையார் அருளியவற்றுள் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களைக் கொண்டது. ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் தொடக்கம். அன்றாட உழைப்புக்கும் இது நல்ல வழி. இன்றைய வேலையை முடிக்கும்போதே நாளை எங்கிருந்து தொடங்குவது என்று குறித்து வைப்பவருக்கு மறுநாள் காலையில் தயக்கம் இராது. திருமுறை ஓதப் பழகுபவர் நாளொரு பாடல் என்று முந்தைய நாள் பாடலோடு சேர்த்து ஓதிவந்தால், 101 நாட்களில் அந்தாதி முழுதும் நாவில் நிற்கும். ஒரே நாளில் பத்துப் பாடல்கள் ஓதி, அடுத்த பத்து நாட்கள் ஏட்டைத் தொடாதிருப்பதில் பயனில்லை.

அந்நூலின் தொடக்கத்தில் அம்மையார், தம் துன்பத்தை இறைவன் எப்போது நீக்குவார் என்று கேட்கிறார். அடுத்த வெண்பாவிலேயே, நீக்காவிட்டாலும் தம் நெஞ்சின் அன்பு மாறாது என்கிறார். பலன் தாமதமானால் முயற்சியைக் கைவிடும் நமக்கு இது பெரிய அறிவுரை.

கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சி அவர் தலையால் நடந்தார் என்பது புராணம். அடையும் இடத்தின் தூய்மை, போகும் வழியிலும் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். பொய் சொல்லிக் காத்திருக்கக் கூடிய இல்லறத்தை உண்மை சொல்லி இழந்தவருக்கு, அந்த நடை இயல்பாகவே வந்திருக்கும்.

அடுத்த முறை ஆலயம் செல்லும் முன், குடும்பத்தினர் ஒவ்வொருவரும் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதிப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டுவது எது? அது எதற்காக? அது தவறினால் எதை விடாமல் பற்றிக்கொள்வது? அதற்காக நாளை காலையில் செய்யப்போகும் சிறு செயல் என்ன? பிறகு சந்நிதியில் கைகூப்பி நிற்கும்போது, நூறு ஆசைகள் முட்டி மோதாமல், வேண்டுதல் ஒன்றாகத் திரண்டு நிற்கும்.

அறுபத்து மூவர் வரிசையில் மற்றவர் நிற்க, காரைக்கால் அம்மையார் மட்டும் அமர்ந்த திருக்கோலத்தில் காட்சி தருகிறார். கேட்ட இடம் கிடைத்தவர் அவர், அமர்ந்திருக்கிறார்.