அம்மா பால் வாங்காத கடை

"தம்பி, சிகரெட் பிடிப்பீங்களா?"

கேட்டவர் எங்கள் தெரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ரிடையர்டு ஆசாமி. எப்போதும் வாய் நிறைய வெற்றிலை. உள்ளே கொஞ்சம் புகையிலையும் உண்டு என்பது தெருவுக்கே தெரியும். எனக்கு டேர்ம் பாலிசி எடுக்க ஃபாரம் பூர்த்தி செய்துகொண்டிருந்தார்.

"இல்லைங்க சார்."

"ரொம்ப நல்லது. பிடிச்சா பிரீமியம் ஜாஸ்தி. பிடிக்கிறவன் சீக்கிரம் போயிடறான், கம்பெனிக்கு நஷ்டம் பாருங்க!"

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை சட்டென்று நின்றது எனக்குக் கேட்டது. (கை நிற்பது எப்படிக் கேட்கும் என்பீர்கள். எங்கள் வீடு அவ்வளவுதான் பெரிசு.)

அப்பா, பீடியில் ஆரம்பித்து உத்தியோக உயர்வுக்குத் தகுந்தபடி சிகரெட்டுக்கு மாறியவர். ஐம்பத்திரண்டு வயதில் நுரையீரல் கான்சர். நான் அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். அவர் கட்டி வைத்திருந்த பாலிசிப் பணம்தான் என் மூன்றாம் வருஷ ஃபீஸ், அக்கா கல்யாணம் எல்லாம். மிச்சத்தை அம்மா பெயரில் எல்.ஐ.சி. பென்ஷன் திட்டம் ஒன்றில் போட்டோம். இன்றைக்கும் மாதம் பிறந்தால் பணம் வந்துவிடுகிறது. அந்த வகையில் எல்.ஐ.சி. எங்களுக்குக் குலதெய்வம் மாதிரி.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. புகை பிடிப்பவன் சீக்கிரம் போவான் என்று இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள், நாம் கட்டுகிற பணத்தை எங்கே போட்டு வைக்கிறார்கள்? பி.காம். படித்தவனுக்குச் சனியன் இப்படித்தான் பிடிக்கும். பற்று எழுதினால் வரவு எங்கே என்று தேடச் சொல்லும்.

தேடினேன். ஐ.டி.சி. கம்பெனியின் பங்குதாரர் பட்டியலில் எல்.ஐ.சி. இருந்தது. பல வருஷமாகச் சுமார் 15 சதவிகிதம். ஐ.டி.சி. கோதுமை மாவும் பிஸ்கட்டும் நோட்டுப் புத்தகமும் விற்கிறது, வாஸ்தவம். ஆனால் லாபத்தில் பெரும் பங்கு சிகரெட்டிலிருந்து வருகிறது. எல்.ஐ.சி.யின் முதலாளியோ மத்திய அரசு. 2022-ல் வெளியே விற்றது வெறும் 3.5 சதவிகிதம். அதே அரசின் உத்தரவுப்படிதான் 2016-லிருந்து சிகரெட் பெட்டியில் 85 சதவிகித இடத்தில் பயமுறுத்தும் படம் போடுகிறார்கள். மிச்சமிருக்கும் 15 சதவிகிதம் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது!

எல்.ஐ.சி.யை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நாலு வருஷம் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதியபோது பிடித்த பி.எஃப். பணம் இருக்கிறதே... பி.எஃப். நிறுவனம் 2015 ஆகஸ்டிலிருந்து புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியை நிஃப்டி, சென்செக்ஸ் பட்டியலைப் பின்பற்றும் ஃபண்டுகளில் போடுகிறது. முதலில் 5 சதவிகிதம், பிறகு 15. அந்தப் பட்டியல்களில் ஐ.டி.சி.யும் உண்டு. ஆக, சிகரெட்டையே தொடாத நானும் ஒரு பொடி சைஸ் சிகரெட் முதலாளி. உங்களுக்குச் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்களா? வாங்க பார்ட்னர், கை குடுங்க.

இப்படி நம் சில்லறையை எல்லாம் ஒரே உண்டியலில் சேர்த்து, உண்டியலோடு மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்கு 'நிறுவன முதலீட்டாளர்' என்று பெயர். எல்.ஐ.சி.யின் உண்டியலில் மட்டும் 50 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். காசு நம்முடையது. எதை வாங்குவது என்று முடிவெடுப்பது அவர்கள்.

இந்தத் தூக்கமின்மை எனக்கு மட்டும் வந்ததல்ல. பிரான்வின் கிங் என்று மெல்போர்னில் ஒரு கான்சர் டாக்டர். நுரையீரல் கான்சர் நோயாளிகளைப் பார்த்தவர். 2010-ல் பென்ஷன் ஃபண்ட் ஆளிடம் பேசிக்கொண்டிருந்தபோது, தன் பணமே சிகரெட் கம்பெனிகளில் இருப்பது தெரிந்து அதிர்ந்து போனார். அந்தம்மா சும்மா விடவில்லை. ஃபண்டின் மேலிடம் வரை போய்ப் பேசினார். 2012-ல் அந்த ஃபண்ட் சிகரெட் பங்குகளைக் கைவிட்டது. பிறகு மற்ற ஃபண்டுகளின் கதவையும் தட்ட ஆரம்பித்தார்.

நார்வே அரசாங்கத்துக்கு எண்ணெய்ப் பணத்தில் சேர்த்த பிரம்மாண்டமான ஃபண்ட் ஒன்று இருக்கிறது. எதில் பணம் போடக்கூடாது என்று ஆலோசனை சொல்ல ஒரு குழுவே 2004-ல் வைத்தார்கள். 2010-ல் 17 புகையிலைக் கம்பெனிகளை ஒரே வீச்சில் விலக்கினார்கள். அதில் நம் ஐ.டி.சி.யும் ஒன்று. அதற்கு முன்பே, 2007-ல், சுற்றுச்சூழலையும் மனித உரிமையையும் காரணம் காட்டி வேதாந்தாவையும் அதன் ஸ்டெர்லைட்டையும் விலக்கினார்கள். அந்த அறிக்கையில் நம் தூத்துக்குடி தாமிர ஆலையும் வருகிறது. 2018-ல் 13 உயிர் போன பிறகு நம் அரசு பூட்டிய ஆலையைப் பற்றி, 11 வருஷம் முன்பே ஆஸ்லோவில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்!

மறுநாள் மும்பையில் ஒரு ஃபண்ட் ஆபீஸில் இருக்கும் காலேஜ் சிநேகிதனுக்கு போன் போட்டேன். ஆவேசத்தை எல்லாம் கொட்டினேன். கொட்டாவி விட்டபடி கேட்டான்.

"மாப்ளே, முடிச்சிட்டியா? இப்ப நான் கேக்கறேன். நாங்க வித்தா இன்னொருத்தன் வாங்குவான். நாட்டுல ஒரு சிகரெட் குறையுமா?"

"குறையாது."

"உங்கம்மாவுக்கு பென்ஷன் ஒழுங்கா வரணும். அதுக்கு நல்ல லாபம் தர்ற பங்கு வேணும். அதை ஒதுக்கிட்டு, நாளைக்குக் குறைஞ்சா உங்கம்மாவுக்கு நீ தருவியா?"

நான் மௌனம். (ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனிடம் கேட்கக்கூடாத கேள்வி.)

"மூணாவது, வித்துட்டு வெளியே வந்துட்டா கேள்வி கேக்கற உரிமையும் போச்சு. உள்ளே இருந்தா ஓட்டுப் போடலாம். கம்பெனிகளைக் கண்காணிக்கணும்னு 2017-ல இன்ஷூரன்ஸ்காரங்களுக்கும், 2020-ல எங்க மாதிரி மியூச்சுவல் ஃபண்டுக்கும் விதிமுறை போட்டாச்சு. சும்மா இல்லை."

மூன்றுமே நியாயமான கேள்விகள். இரண்டாவதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் பென்ஷன் ஃபண்டான கால்பெர்ஸ், 2000-ல் புகையிலைப் பங்குகளை விடுவதென்று தீர்மானித்தது. 2016-ல் கணக்குப் பார்த்தபோது, விட்டதால் போன லாபம் சுமார் 300 கோடி டாலர் என்று வந்தது! திரும்ப வாங்கலாமா என்று கூடிப் பேசினார்கள். வேண்டாம் என்று முடிவெடுத்து, தடையை இன்னும் இறுக்கினார்கள். மனசாட்சிக்கும் பில் வரும் என்று தெரிந்தே கட்டியவர்கள் அவர்கள்.

நம் ஊரிலும் கேட்காமல் இல்லை. அரசு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் புகையிலையில் பணம் போடலாமா என்று 2017-ல் மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். 2004-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலை ஒப்பந்தத்தின் வழிகாட்டுதலும், அரசுகள் இந்தத் தொழிலில் முதலீடு செய்யக்கூடாது என்றுதான் சொல்கிறது.

எல்லாம் சரி, அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

இங்கே பால் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை. அப்பா சிகரெட் வாங்கியது அங்கேதான். பால் பாக்கெட்டும் கிடைக்கும். ஆனால் அப்பா போனதிலிருந்து அம்மா அந்தக் கடையில் எதுவும் வாங்குவதில்லை. மழையானாலும் முட்டி வலியானாலும் இரண்டு தெரு தள்ளிப் போய்த்தான் பால். ஒருமுறை நான் கடுப்பாகி, "நீ வாங்கலேன்னா அவன் கடையை மூடிடுவானா?" என்றேன்.

"அவன் கடையை மூடணும்னு நான் சொல்லலைடா. புள்ளைகுட்டிக்காரன், நல்லா இருக்கட்டும். என் காசு அந்தக் கல்லாவுல விழ வேணாம். அவ்வளவுதான்."

நார்வேக்காரர்கள் குழு போட்டு எழுதியதை அம்மா ஒரு வரியில் முடித்திருக்கிறாள். கால்பெர்ஸின் 300 கோடி டாலர்தான் அம்மாவின் முட்டி வலி. அப்படிப்பட்டவளிடம் போய், உன் பென்ஷன் வருகிற கல்லாவில் சிகரெட் காசும் கலந்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வேன்? அடுத்த மாதம் பென்ஷனே வேண்டாம் என்றுவிட்டால்? அரிசி, மாத்திரை, கரன்ட் பில் எல்லாம் அதில்தான் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு, மென்று முழுங்கிச் சொல்லிவிட்டேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்தாள். தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.

"பென்ஷனை நிறுத்த முடியாதுடா. அது உங்கப்பா கட்டின காசு. ஆனா ஒண்ணு... பெட்டிக்கடைக்காரன்கிட்ட நான் ஏன் வர்றதில்லைன்னு அன்னிக்கே நேரா போய்ச் சொல்லிட்டேன். இவங்ககிட்ட யாராச்சும் சொன்னாங்களா?"

"கேஸெல்லாம் போட்டிருக்காங்கம்மா."

"அது கோர்ட்டுக்கு. நாம சொன்னோமா?"

இல்லை. ஆண்டுக்கணக்கில் பணம் வாங்கியிருக்கிறோம். ஒரு போஸ்ட் கார்டு போட்டதில்லை. ஃபண்டு வைத்திருக்கும் நண்பர்களே, நீங்கள் போட்டதுண்டா? மியூச்சுவல் ஃபண்ட் என்றால் எந்தக் கம்பெனியில் எவ்வளவு என்று மாதாமாதம் பட்டியல் வெளியிடுகிறார்கள். எப்படி ஓட்டுப் போட்டோம் என்றும் வெளியிடுகிறார்கள். நாம் என்.ஏ.வி. ஏறியதா என்று மட்டும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். பாலிசி நம்பரோடு இரண்டே கேள்விகள். சிகரெட் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில் எங்கள் சார்பில் என்ன கேட்டீர்கள்? புகையிலை இல்லாத திட்டம் ஒன்று தர முடியுமா? அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டாள்.

"ஏஜென்ட் சார்கிட்ட குடுத்தா ஆபீஸ்ல சேர்த்துடுவார்" என்றேன்.

"வேணாம். அவர் வாயில புகையிலை இருக்கும். நீ தபால்லயே போடு" என்றாள்.