பக்கத்துக் கல்லூரி

நமது புதல்விக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயில இடம் கிடைத்திருக்கிறது என்னும் செய்தி சென்ற ஆண்டு வந்தது. வந்த அன்றே, அவ்விடத்தை ஏற்பதா விடுவதா என்னும் தர்க்கமும் நம் இல்லத்தில் தொடங்கிற்று. இதைப் படிக்கும் தோட்டத்து அன்பர் சிலர், "கிடைத்ததை விடுவாருமுண்டோ?" என வியக்கக்கூடும். உண்டு. மதிப்பெண் போதாமையால் பல்கலைக்கழகம் சேராத பிள்ளைகளைப் பற்றி நம்மவர் மேடைதோறும் பேசுகின்றனர். மதிப்பெண்ணும் இருந்து, இடமும் கிடைத்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி இருப்பதனாலேயே போகாது நின்றுவிட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார் அரியர். ஷா ஆலத்தில் நாம் அறிந்த அத்தகையோருள் ஆண்பிள்ளை ஒருவனே, ஏனையோர் பெண்கள்.

ஷா ஆலம் கல்விக்கூடங்களுக்குப் பஞ்சமுள்ள ஊரன்று. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தைத் திருத்தி எழுப்பிய இந்நகரம் 1978-இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. 2000-இல் மாநகர் என்னும் பெயரும் பெற்றது. 1967-இல் கழகமாயிருந்து 1999-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. அஃது அரசாங்கத்தது; மிகப் பெரியது; நம் வீட்டிலிருந்து பேருந்தில் சிறிது தூரமே. ஆயினும் பூமிபுத்திரருக்கென ஒதுக்கப்பட்டதாகலின், நம் பிள்ளைகள் அதன் வேலியோரமாகவே பள்ளிக்குப் போய் வருகிறார்கள். அதைப்பற்றிய நமது அபிப்பிராயத்தை வேறொரு நாள் எழுதுவோம். அதனை விடுத்தால், சிலாங்கூர்ப் பல்கலைக்கழகம் உண்டு; 13-ஆம் பிரிவில் மேலாண்மை அறிவியல் பல்கலைக்கழகம் உண்டு; மறைந்த சுல்தான் சலாஹுடினின் பெயர் தாங்கிய பாலிடெக்னிக் உண்டு; இவையன்றிச் சிறு கல்லூரிகளும் பல. காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம் என்பதே நம்மவர் வாயில் இவற்றிற்கெல்லாம் கிடைக்கும் முதற் பாராட்டு.

அத்தகைய கல்லூரி ஒன்றினுக்கு நாமும் போனோம். பெயர் வேண்டா. குளிர்சாதன அறையில் அமர்த்திக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்து மிக்க மரியாதையாகவே பேசினர். நம் புதல்வி விரும்பிய கணிதப் பட்டம் அங்கே இல்லை. "கணக்கியல் இருக்கிறதே, அதுவும் கணிதந்தானே!" என்றார் ஆலோசகர். தச்சுவேலையும் காடு வளர்ப்பும் ஒன்று என்பது போன்ற விடை இது. ஆயினும் அவரை நாம் குறை கூறோம். இருப்பதை விற்பது அவர் தொழில். வியப்பு என்னவெனில், அக்கல்லூரி அறிவித்த சலுகையைக் கழித்துப் பார்த்தும், அதன் ஓராண்டுக் கட்டணம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் முழுப் படிப்புக்குரிய கட்டணத்தைத் தாண்டிற்று. அரசாங்கப் பல்கலைக்கழகத்துச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே தாங்குகிறது. தனியார் கல்லூரியின் செலவையோ மாணவர் தாங்குகிறார். 1997-இல் ஏற்பட்ட உயர்கல்விக் கடன் நிதியிலிருந்து பெற்றுக் கட்டலாமெனினும், கடன் கடன்தானே! பக்கத்தில் இருப்பதெல்லாம் மலிவு என்னும் நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ, நாம் அறியோம். விடுதிக் கட்டணத்தையும் உணவையும் கூட்டி எழுதிக் காட்டிய பின்னரும், நம் மனைவியின் தம்பியார் அத்தாளை இருமுறை திருப்பிப் பார்த்து, "இருக்காதே, மாமா!" என்றார்.

மைத்துனர் நல்லவர். நம் குடும்பத்தின்பால் அவருக்குள்ள அன்பில் நமக்கு ஐயமில்லை. அவர் கூறிய நியாயங்கள் மூன்று. பெண்பிள்ளை வெளியில் இராத் தங்கலாகாது என்பது முதலாவது. அதற்கு விடை கூற நாம் தாளை வீணாக்கப் போவதில்லை. விடுதி எதற்கு, ஷா ஆலத்திலிருந்தே போய் வரலாமே என்பது இரண்டாவது. நம் அன்னையாரை யார் பார்ப்பது என்பது மூன்றாவது.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் பார்த்தால் மலாயாப் பல்கலைக்கழகம் தூரமே அன்று. நம் தெருவிலிருந்து பேருந்தில் ஷா ஆலம் ரயில் நிலையம். அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் பத்து தீகா, சுபாங் ஜெயா, பந்தாய் டாலாம் வழியாக அப்துல்லா ஹுக்கும். அங்கே இறங்கி இலகு ரயிலில் இரண்டாம் நிலையம். அதன்பின் வளாகத்துக்குள் மீண்டும் ஒரு பேருந்து. ஒன்று தவறினால் மற்றொன்றுக்குக் காத்திருத்தல் வேண்டும். ஒருநாள் காலையில் நாமே இதனைச் செய்து பார்த்தோம். போக இரண்டு மணி நேரத்திற்குச் சிறிதே குறைவு. வர, மழையாதலால், அதனினும் மிகுதி. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் நின்றுகொண்டே கழித்த பெண், இரவு எட்டு மணிக்கு வீடு வந்தால் என்ன செய்வாள்? படிப்பாள் என்பர் ஆண்மக்கள். தொழிற்சாலையில் முறைமாறி வேலை செய்யும் தாய் உள்ள வீட்டில், வந்தவுடன் அவள் புகுமிடம் அடுக்களை என்பதைப் பெண்மக்கள் அறிவர். நம் புதல்வி இதனை நம்மினும் சுருக்கமாகச் சொன்னாள்: "பகலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா. இரவு எனக்கு வேண்டும்."

நிற்க. மூன்றாவது நியாயமே வன்மையுடையது. நம் அன்னையாருக்குச் சிறுநீரகம் பழுதுற்றிருக்கிறது. நம்மவரிடையே நீரிழிவு எத்துணைப் பரவியிருக்கிறது என்பதை டயாலிசிஸ் நிலையம் ஒன்றில் ஒரு முற்பகல் அமர்ந்திருந்தால் கண்கூடாகக் காணலாம். வாரத்திற்கு மூன்று நாள். ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். கிள்ளானிலுள்ள நிலையத்துக்கு அழைத்துச் செல்லுதல், திரும்புகையில் தலை சுற்றாது கைப்பிடித்து வருதல், குடிக்கும் நீரை அளந்து கொடுத்தல், கீரையை வேகவைத்து நீரை இறுத்துவிட்டுச் சமைத்தல் ஆகிய இவ்வளவையும் ஆறாம் படிவத் தேர்வு முடிந்த நாள் முதல் நம் புதல்வியே செய்து வந்தாள். யாரும் அவளைக் கேட்டுக்கொண்டதில்லை. வீட்டில் இருந்தாள், ஆகவே செய்தாள். பக்கத்துக் கல்லூரியிற் சேர்ந்தால் பாட வேளையை வேண்டியவாறு அமைத்துக்கொண்டு இதனையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது மைத்துனரின் கருத்து. அருகிலிருக்கும் கல்லூரியின் உண்மையான சௌகரியம் இதுவே. அச்சௌகரியம் படிப்பவளுக்கா, வீட்டாருக்கா என்னும் கேள்வியை மட்டும் எவரும் எழுப்பவில்லை.

இக்கேள்வி நம்மவர்க்குப் புதியதன்று. தோட்டத்துப் பள்ளியைக் காட்டிலும் பக்கத்துப் பள்ளி உலகில் உண்டோ? ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி வைத்தல் வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆகவே லயத்துக்கு எதிரே ஒரு கொட்டகை எழும்பிற்று. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். பிள்ளை எட்டடி நடந்தால் பள்ளி. தாய் கூப்பிட்டால் எட்டடியில் வீடு. கூப்பிடுவதற்குத்தான் எத்தனை காரணங்கள்! தம்பி அழுகிறான், பால்வாளி தூக்க ஆள் வேண்டும், புல் வெட்டக் கை போதவில்லை. பள்ளி அருகிலிருந்ததனால் பிள்ளை பள்ளிக்குப் போனது எவ்வளவு உண்மையோ, அருகிலிருந்ததனால் பள்ளியிலிருந்து எழுப்பி அழைத்துச் செல்லப்பட்டதும் அவ்வளவு உண்மை.

நம் அன்னையார் பத்து தீகாவை அடுத்த ஒரு தோட்டத்தில் 1949-இல் பிறந்தவர். நான்காம் வகுப்பில் படிக்கும்போது, பின்பிறந்த மூவரைப் பார்த்துக்கொள்வதற்காக நிறுத்தப்பட்டார். ஆயாக்கொட்டகை இருக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டோம். "இருந்தது, ஆயாவுக்கு நாற்பது பிள்ளை" என்றார். தம்பியர் இருவரும் பின்னர்க் கிள்ளானுக்குச் சென்று இங்கிலீஷ் படித்தனர். ஒருவர் ரயில்வேயில் உத்தியோகம் பெற்றுப் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தார். தூரத்துப் பள்ளிக்குச் சென்றவரை அழைத்து வர எவராலும் இயலவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் 1941-இல் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும் வேண்டுமென்று கேட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டதும், அவர்களை ஒன்றுகூட்டிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டதும் பலர் அறிந்த செய்திகள். பள்ளி வேண்டுமென்று அவர்கள் கேட்டிருந்தால், துரை ஜன்னல் வழியே கொட்டகையைச் சுட்டிக் காட்டியிருப்பார். அவர்கள் தக்க கல்வியைக் கேட்டனர்.

இவ்வளவும் கூறியதனால், பெரிய பெயருக்காகவே நாம் மலாயாப் பல்கலைக்கழகத்தை விரும்பினோம் என்று எவரும் கருத வேண்டா. பெயருக்கும் ஒரு மதிப்பு உண்டுதான். 1949 அக்டோபரில் சிங்கப்பூரில் நிறுவப்பெற்று, 1959-இல் கோலாலம்பூரிலும் கால் ஊன்றி, 1962 முதல் தனிப் பல்கலைக்கழகமாய் நிற்கும் அந்நிலையத்தில் நம்மவர்க்கு ஒரு சொந்தமும் உண்டு. 1956-இல் அங்கே இந்திய இயல் துறை தொடங்கிய காலத்தில், தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று வாதாடிய கோ. சாரங்கபாணி, தமிழ் நூல்நிலையத்திற்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தனர். நம் பாட்டனாரும் கொடுத்தவரே. கொடுத்தவர்தாம் இரண்டு மூன்று ஆண்டுகளில் நம் அன்னையாரைப் பள்ளியிலிருந்து நிறுத்தியவரும்! மனிதரைப் பற்றி எளிதில் தீர்ப்புக் கூற இயலாது போலும்.

ஆயினும் பெயரைச் சோறாக்கி உண்ண முடியாது. பாலிடெக்னிக்கில் டிப்ளோமாப் பெற்றுத் தொழிற்சாலையில் பொறியாளர்க்கு அடுத்த நிலையில் நன்கு சம்பாதிக்கும் இளைஞரை நம் தெருவிலேயே காட்டுவோம். நம் புதல்வனுக்குக் கையால் செய்யும் வேலையில்தான் விருப்பம். அவன் முறை வரும்போது அங்கேதான் அனுப்புவோம். பக்கத்துக் கல்லூரி அவனுக்கு நன்மையே செய்யும். ஏனெனில், மாலையில் வீடு வந்த பையனைப் பாட்டியின் கீரையை இறுக்கச் சொல்வார் நம்முள் எவரும் இலர். அவனுக்குத் தட்டில் சோறு வரும். ஒரே கல்லூரி, ஒரே தூரம், ஒரே வீடு. அண்ணனுக்குச் சௌகரியமானது தங்கைக்குக் கட்டுத்தறியாகிவிடுகிறது. கல்லூரியின் மீது இதில் குற்றமில்லை.

முடிவு எவ்வாறு ஏற்பட்டது என்பதையும் கூறிவிடுவோம். ஒருநாள் மாலை மைத்துனர் மீண்டும் மூன்றாவது நியாயத்தை எடுத்துரைத்துக்கொண்டிருக்கையில், அதுவரை பேசாதிருந்த நம் அன்னையார் வாய் திறந்தார். "நாலு மணி நேரம் நாற்காலியில் ஊசியோடு உட்காரப் போவது நான். அதற்கு எதற்கு அவள் படிப்பு? என்னைக் கொண்டுபோய் விட இத்தனை ஆம்பிளைகள் இருக்கிறீர்களே!" என்றார். அறையில் ஆம்பிளைகள் மூவர் இருந்தோம். ஒருவரும் விடை கூறவில்லை. மறுநாளே புதல்வி ஏற்புக் கடிதத்தை அனுப்பிவிட்டாள்.

அதன்பின்னர்தான் உண்மையான வேலை ஆரம்பமாயிற்று. நாம் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுபவர். செவ்வாய்தோறும் பிற்பகல் முறைக்கு மாற்றிக் கொடுக்குமாறு மேலாளரைக் கேட்டுப் பெற்றோம். அதற்காக மாதத்தில் ஒரு ஞாயிறு வேலைக்குப் போகிறோம். வியாழன் நம் மனைவியாருடையது. அன்று அவருக்கு இரவு முறையாதலால், உறக்கத்தை இழந்தே போய் வருகிறார். இதற்கு வேறு வழி காண வேண்டும், இன்னும் கண்டபாடில்லை. கீரையையும் தண்ணீர் அளவையும் புதல்வனிடம் ஒப்படைத்தோம். முதல் வாரம் இறுத்த நீரைக் குழம்பில் ஊற்றிவிட்டான். அவன் தமக்கை விடுதியிலிருந்து தொலைபேசியில் கோபித்துக்கொண்டாள். இப்பொழுது அவன் செய்வது பழுதில்லை.

சனிக்கிழமையை மைத்துனருக்குக் கொடுத்தோம். அவர் மறுக்கவில்லை. முதற் சனிக்கிழமை அரை மணி நேரம் தாமதித்து வந்தார். அன்று நிலையத்தில் அமர்ந்திருந்த நான்கு மணி நேரத்தில் என்ன எண்ணினாரோ, நாம் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்கே வாசலில் வண்டியை நிறுத்தி, அன்னையாருக்குக் கால்வைக்க ஒரு பலகையும் கொண்டுவந்திருந்தார்.