70 வளைவு தாண்டி ஒரு வீடு

மூன்று மாதம் சேலத்தில் வாடகைக்கு வீடு தேடினேன். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" பதில் சொன்னதும் வீடு 'நேத்தே முடிஞ்சு' போயிருக்கும்!

அப்போதுதான் கொல்லிமலைக்கு மாற்றல் வந்தது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதியிலேயே என் மனைவி, "சேலமே தேவலைங்க" என்றாள்.

வாசலூர்பட்டி படகு இல்லம் தாண்டி, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு வீடு. வீட்டுக்காரர் மலையாளிப் பாட்டி. (கேரளா என்று நினைக்காதீர்கள்; இந்த மலையின் பழங்குடிகளுக்கு அதுதான் பெயர்.) எங்களை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஏங்கண்ணு, குளுரு தாங்குவீங்களா?"

அவ்வளவுதான் கேள்வி!

"வாடகை எவ்வளவு பாட்டி?"

"ஒரு மழைக்காலம் இருந்து பாருங்க. ஓடிப் போகலைன்னா பேசிக்கலாம்."

நான் திரும்பிப் பார்ப்பதற்குள், மனைவி பாத்திர மூட்டையைப் பிரித்துவிட்டாள்.